மண் மணமும் புண் நாற்றமும்

காலப்போக்கில் உயர்ந்த சொற்களும் தாழ்ந்த சொற்களும் தமிழில் உண்டு. தாழ்ந்த சொற்களுள் ஒன்று 'நாற்றம்'. பண்டைத் தமிழில் இச்சொல் மலரின் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கை தானாகவே மூக்கிற்குச் செல்கிறது. நல்ல மணத்தை ஒரு புறமும் தீய நாற்றத்தை மறுபுறமுமாக நாம் பிரித்து வைத்துவிட்டோம். ஆனால் இயற்கை அவ்வாறு பிரிக்கவில்லை. மழை பெய்த மண்ணின் இனிய மணமும், வெண்ணெயின் வாசனையும், அழுகிய முட்டையின் வாடையும், ஆறாத புண்ணின் நாற்றமும் ஆகிய இவையனைத்தையும் உண்டாக்குபவை ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களே. அவைதாம் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள்.

இவ்வாடைகள் எங்ஙனம் தோன்றுகின்றன, அவை நமக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும். ஏனெனில் உணவையும் நீரையும் நோயையும், சில வேளைகளில் மனிதரையுங்கூட, நாம் மூக்கைக்கொண்டே எடைபோடுகிறோம். அந்தத் தராசு எல்லா நேரங்களிலும் சரியாக நிற்பதில்லை.

வாயும் வயிறும் இல்லாத உயிர்

பாக்டீரியா ஒரே ஒரு செல்லால் ஆகிய உயிர். அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை. ஆகவே நொதிகள் என்னும் பொருள்களைத் தன்னைச் சுற்றிலும் கசியவிட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை அது சிதைக்கும்போது எஞ்சும் கழிவுகள் பல. அவற்றுள் எடை குறைந்தவை எளிதில் ஆவியாகிக் காற்றில் மிதக்கின்றன. நாம் மூச்சை இழுக்கும்போது அவை மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பு முனைகளைத் தொடுகின்றன. இதையே வாசனை என்கிறோம்.

ஒவ்வொரு வகைப் பாக்டீரியாவும் தனக்கே உரிய முறையில் உணவைச் சிதைப்பதால், ஒவ்வொன்றிற்கும் தனி வாடை அமைகிறது. நம் குடலில் வாழும் 'ஈ. கோலை' என்னும் பாக்டீரியா புரதத்தின் ஒரு கூற்றைச் சிதைத்து 'இண்டோல்' என்ற பொருளை ஆக்குகிறது. மலத்தின் வாடைக்கு இதுவும் ஒரு காரணம். வியப்பு என்னவெனில், இதே இண்டோல் மிகச் சிறிய அளவில் மல்லிகைப் பூவிலும் இயற்கையாகவே உள்ளது. மல்லிகையின் செறிந்த மணத்திற்கு அதுவும் துணை புரிகிறது. நறுமணப் பொருள்களைச் செய்வோர் இதனை நன்கறிந்து பயன்படுத்துகின்றனர். அளவு மிகுந்தால் அருவருப்பு. அளவோடு இருந்தால் பூச்சரம்!

மழை எழுப்பும் மணம்

கோடையில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் தூறல் விழும்போது எழும் மணத்தை விரும்பாதவர் யார்? உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் நகரில் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி வடித்து, அம்மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கி, 'மிட்டி அத்தர்' என்று விற்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1964-ஆம் ஆண்டில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிவியலறிஞர் இருவர் மழை மணத்தை ஆராய்ந்து அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். வறண்ட காலத்தில் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருள்கள் பாறையிலும் மண்ணிலும் படிந்திருந்து, ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன என்று அவர்கள் கண்டனர்.

ஆயினும் 'மண்வாசனை' என்று நாம் சொல்லும் அந்தத் தனி மணத்தின் முதன்மைப் பொருள் வேறொன்று. அடுத்த ஆண்டே, அதாவது 1965-இல், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி ஜெர்பர், யூபெர் லெஷவாலியே ஆகிய இருவரும் அதனைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் 'மண் மணம்' என்று பொருள்படும்படி அதற்கு 'ஜியோஸ்மின்' என்று பெயர் சூட்டினர். மண்ணில் நூலிழைபோல் படர்ந்து வாழும் 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' என்னும் பாக்டீரியாக் குடும்பமே அதனைப் பெரிதும் உண்டாக்குகிறது.

மழைத்துளி எவ்வாறு அம்மணத்தைக் காற்றில் ஏற்றுகிறது? இதற்கு விடை 2015-இல் கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அதிவேகப் படக்கருவிகளைக்கொண்டு மழைத்துளியைப் படமெடுத்தனர். நுண்துளைகள் உள்ள நிலத்தில் துளி விழும்போது, அதனடியில் சிறு காற்றுக் குமிழிகள் அகப்படுகின்றன. சோடா நீரில் குமிழிகள் மேலெழுந்து வெடிப்பதைப்போல அவையும் எழுந்து வெடித்து, மண்ணிலுள்ள பொருள்களை நுண்திவலைகளாகக் காற்றில் தூவுகின்றன. கொட்டும் மழையைவிடத் தூறலிலும் மிதமான மழையிலுமே இது மிகுதியாக நிகழ்கிறது. முதல் தூறலுக்கு ஏன் அவ்வளவு மணம் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

மனித மூக்கு இந்த ஒரு பொருளுக்குக் காட்டும் கூர்மை வியப்பிற்குரியது. ஒரு கிராம் ஜியோஸ்மினை நூறு கோடிக் கூறுகளாக்கி, அவற்றுள் பத்தே பத்துக் கூறுகளை ஒரு லிட்டர் நீரில் இட்டாலும் பலரால் அதனை உணர முடியும்.

பாக்டீரியா ஏன் இம்மணத்தை வெளியிடுகிறது? மண்ணில் வாழும் 'ஸ்பிரிங்டெயில்' என்னும் மிகச் சிறிய உயிர்கள் இம்மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்து இப்பாக்டீரியாவை உண்கின்றன என்றும், அவற்றின் உடலில் ஒட்டியும் குடல் வழியே கழிந்தும் அதன் வித்துகள் புதிய இடங்களுக்குப் பரவுகின்றன என்றும் 2020-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பூ தன் மணத்தால் வண்டை அழைப்பது போன்றதே இதுவும். பழ ஈக்களுக்கோ இதே மணம் எச்சரிக்கை. தீங்கு தரும் நுண்ணுயிர் படர்ந்த பழத்தை அவை இம்மணத்தைக்கொண்டு விலக்குகின்றன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு இது முட்டையிடத் தக்க நீர்நிலை உள்ளது என்னும் அறிவிப்பு. மணம் ஒன்றே, ஆனால் கேட்பவர்க்கேற்ப அதன் பொருள் மாறுகிறது.

இக்குடும்பத்திற்கு நாம் பட்டிருக்கும் கடன் மணத்தோடு முடிவதில்லை. இதே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வாளர், பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றி வந்தார். எருவிட்ட நிலத்தின் மண்ணிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையே 'ஸ்ட்ரெப்டோமைசின்' என்னும் மருந்தைத் தந்தது. காசநோய்க் கிருமியைக் கொல்ல வல்லதாகக் கிடைத்த முதல் உயிர்க்கொல்லி மருந்து அதுவே. 1952-இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்களில் தாயையும் தந்தையையும் பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்த மருந்து, மழை மணத்தைத் தரும் அதே உயிர்க்குடும்பத்திடமிருந்து வந்தது.

சமையலறையில் பாக்டீரியா

இனி நம் வீட்டுச் சமையலறைக்குள் செல்வோம். அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாட் காலையில் பொங்கி, இதமான புளித்த வாசனையுடன் இருப்பதை இல்லத்தரசியர் அறிவர். 'லூக்கனோஸ்டாக்' என்னும் பாக்டீரியா அம்மாவில் வளர்ந்து, அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குவதே இதற்கு முதன்மைக் காரணம். வெண்ணெயின் தனி வாசனைக்குப் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்கும் 'டையசெட்டைல்' என்ற பொருள் காரணமாகிறது.

மீனைப் பற்றிச் சொல்லவேண்டியது சற்று மிகுதி. பிடித்த உடனே கடல்மீனில் கவிச்சி வாடை அதிகமில்லை. மீனின் தசையில் மணமற்ற ஒரு பொருள் உண்டு. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதனை 'டிரைமெத்தில் அமீன்' என்னும் பொருளாக மாற்றுகின்றன. பழைய மீனின் வாடை அதுவே. இப்பொருள் காரத்தன்மை உடையது. புளியோ எலுமிச்சையோ சேர்க்கும்போது, அமிலம் அதனைப் பிணைத்து ஆவியாகாமல் தடுக்கிறது. குளத்து மீனிலும் ஏரி மீனிலும் வரும் சேற்று வாடை வேறு வகையானது. அது மேலே கண்ட ஜியோஸ்மினே. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் அதனை உண்டாக்க, அது மீனின் கொழுப்பில் சென்று தங்குகிறது. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து மணமற்றதாகிவிடும். ஆகவே மீனைப் புளி கரைத்த நீரில் அலசியும், குழம்பில் தாராளமாகப் புளி ஊற்றியும் சமைத்த நம் முன்னோர், வேதியியல் நூலைப் படிக்காமலே வேதியியலைக் கைக்கொண்டிருந்தனர் எனலாம்.

கோடையில் ஏரி நீர் சில வேளைகளில் மண் வாடை அடிப்பதும் இதனாலேயே. ஜியோஸ்மினால் மட்டும் உடலுக்குக் கேடு நேர்வதில்லை. ஆனால் நீரின் நன்மை தீமையை மணத்தைக்கொண்டு தீர்மானிப்பது எத்துணை பிழையானது என்பதை இனிக் காண்போம்.

மூக்கு வாய்மூடும் இடங்கள்

"முகர்ந்து பார், நன்றாயிருந்தால் சாப்பிடு" என்பது பல வீடுகளில் வழங்கும் விதி. இவ்விதி பாதி உண்மையே. கெட்டுப்போன வாடை வீசும் உணவை ஒதுக்குவது சரி. வாடை இல்லாத உணவு பாதுகாப்பானது என்று கருதுவதுதான் தவறு. ஏனெனில், உணவைக் கெடுத்து நாற்றமெடுக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் வேறு. நம்மை நோயில் வீழ்த்தும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வேறு. முன்னவை வாயிலில் நின்று கூச்சலிடும். பின்னவை ஓசையின்றி உள்ளே நுழையும்.

வாந்திபேதிக் கிருமி கலந்த தண்ணீர் தெளிவாகவும் மணமற்றும் இருக்கக்கூடும். டைபாய்டு கிருமியும் தன் வருகையை மணத்தால் அறிவிப்பதில்லை. சமைத்த சோற்றைப் பல மணி நேரம் வெளியில் வைத்திருந்தால், 'பேசில்லஸ் செரியஸ்' என்னும் பாக்டீரியா அதில் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சேர்த்துவைக்கலாம். அச்சோற்றில் வேறுபாடான வாசனை ஏதும் தெரியாமலிருக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழிவதில்லை. கைப்புண்ணோடு பலகாரம் செய்பவரிடமிருந்து உணவில் சேரும் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' நஞ்சும் இத்தகையதே. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வைத்திருந்தால், பாக்டீரியாக்கள் அவற்றில் 'ஹிஸ்டமின்' என்ற பொருளைப் பெருக்குகின்றன. அம்மீனை உண்டவர்க்கு முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் தோன்றும். கொதிக்க வைப்பதால் ஹிஸ்டமினும் போவதில்லை. மீனின் வாடை கொண்டு அதனைக் கண்டுபிடிக்கவும் இயலாது.

ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல், கடிகாரத்தையும் அடுப்பையும் சோப்பையும் நம்புவதே அறிவுடைமை. திருவிழா விருந்திலும் திருமணப் பந்தியிலும் காலையில் வடித்த சோறு மாலைவரை வெளியில் கிடக்கலாகாது. குடிநீரைக் காய்ச்சிப் பருகவேண்டும். சமைப்பவர் கையைக் கழுவவேண்டும். மீன் கரை சேர்ந்தது முதல் சட்டியில் ஏறும்வரை குளிரில் இருக்கவேண்டும்.

மூக்கு வாய்மூடும் இன்னோர் இடமும் உண்டு. அங்கே அதன் மௌனம் உயிரையே பறிக்கிறது. சாக்கடையிலும், 'செப்டிக் டேங்க்' எனப்படும் கழிவுத் தொட்டியிலும், காற்றில்லாத சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் 'ஹைட்ரஜன் சல்ஃபைடு' என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு இதுவே. சிறிதளவு இருக்கும்போது மூக்கு உடனே எச்சரிக்கும். ஆனால் அளவு மிகும்போது, அவ்வாயு மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. உள்ளே இறங்கியவர், நாற்றம் குறைந்துவிட்டது என்று எண்ணும் அதே நொடியில் மரணத்தின் பிடியில் இருப்பார். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தக்க பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ இறக்கி வேலை வாங்குவது குற்றம். அக்குற்றம் நகராட்சிக்கும் உண்டு, தனி வீட்டுக்காரருக்கும் உண்டு. முதன்முறைக் குற்றத்திற்கே இரண்டாண்டுவரை சிறைத்தண்டனையோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் இருக்கட்டும்; நம் வீட்டுத் தொட்டிக்குள் ஓர் ஏழையின் மகனை இறக்கிவிட்டு மேலே நின்று கூலி பேசுவது, சட்டம் இல்லாவிடினும் தகுமா? உறிஞ்சி எடுக்கும் லாரியை அழைப்போம். அது வரும்வரை காத்திருப்போம்.

இந்நாற்றங்களின் குடும்பத்தையே மனிதன் காவலாளியாகவும் வைத்திருக்கிறான். சமையல் எரிவாயுவிற்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக, 'மெர்காப்டன்' என்னும் கந்தகப் பொருளைச் சிறிதளவு அதில் கலக்கின்றனர். வாய் நாற்றத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்றும் இதே இனத்தைச் சேர்ந்தது. அங்கும் அதை ஆக்குவது நாக்கின் பின்புறத்தில் தங்கும் பாக்டீரியாவே. பல்லோடு நாக்கையும் துலக்குக என்று பெரியோர் கூறியது பொருளற்ற பேச்சன்று.

நோயைக் காட்டும் வாடை

சோதனைக் கூடங்களில் பணிபுரிவோர், தட்டில் வளர்த்த கிருமியை அதன் வாடையாலேயே ஓரளவு இனங்காண்பதுண்டு. தீப்புண்ணையும் ஆறாப் புண்ணையும் பற்றும் 'சூடோமோனாஸ்' கிருமி திராட்சைப் பழம்போல் மணக்கும். சீழ்க்கட்டிகளில் காணப்படும் ஒருவகை 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' கிருமி வெண்ணெயிட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகுபோல் மணக்கும். மனிதக் கடியால் ஏற்படும் புண்களில் வரும் 'ஐக்கனெல்லா' சலவைத் தூளின் வாடை வீசும். ஆயினும் இன்று முகர்ந்து பார்ப்பதை ஆய்வகங்கள் தடை செய்கின்றன. காய்ச்சாத பால் வழியே பரவும் புருசெல்லா கிருமியை முகர்ந்து பார்த்து, அதனாலேயே நோயுற்ற ஆய்வகப் பணியாளர்கள் உண்டு. இனங்காணும் வேலையை இன்று கருவிகள் பெருமளவு ஏற்றுக்கொண்டுள்ளன.

எனினும் மோப்பத்தின் பயன் முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் மொரகொரோ நகரில், 'அப்போப்போ' என்னும் தொண்டு நிறுவனம் பெரிய வகை எலிகளுக்குப் பயிற்சி அளித்து, சளியின் வாடையைக்கொண்டு காசநோயைக் கண்டுபிடிக்கச் செய்கிறது. பயிற்சி பெற்ற எலி நூறு சளி மாதிரிகளை ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முகர்ந்து முடித்துவிடும். அது சுட்டிக்காட்டும் மாதிரியை ஆய்வகத்தில் மீண்டும் சோதித்து உறுதி செய்கின்றனர். மருத்துவமனையில் தவறவிடப்பட்ட நோயாளர் பலர் இவ்வழியில் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றுள்ளனர்.

நம் வீடுகளிலும் இதற்கொப்பான ஒரு கடமை உண்டு. நீரிழிவு நோயாளரின் பாதங்களில் உணர்ச்சி குன்றுவதால், புண் ஏற்பட்டாலும் வலி தெரியாமற் போகலாம். வலி அறிவிக்காத புண்ணை நாற்றம் அறிவிக்கக்கூடும். பச்சை நிறச் சீழும் இனிப்பு வாடையும், அல்லது அழுகல் வாடையும் தோன்றினால், வாசனைத் தூளைத் தூவி மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நாற்றம் இல்லை என்பதற்காகப் புண்ணைப் பாராதிருப்பதும் தவறு. நாள்தோறும் பெற்றோரின் பாதங்களைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய உழைப்பன்று.

புற்றுநோய் முற்றித் தோலைப் பிளந்து புண்ணாகும்போது, அங்கே காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறிக் கடும் நாற்றத்தை உண்டாக்குகின்றன. வலியைவிட அந்நாற்றமே அந்நோயாளரை மிகுதியாகத் துன்புறுத்தும் நேரங்கள் உண்டு. பேரக்குழந்தைகள் அருகே வரத் தயங்குவர். உறவினர் வாயிற்படியோடு திரும்புவர். நோயாளரும் தம்மையே வெறுத்து, கதவைச் சாத்திக்கொள்வர். இந்நாற்றத்தைத் தணிக்க வழி உண்டு என்பதைப் பலர் அறியார். 'மெட்ரோனிடசோல்' என்னும், விலை மிகாத மருந்தைப் புண்ணின்மேல் இடும்போது அப்பாக்டீரியாக்கள் அழிந்து நாற்றம் வெகுவாகக் குறைகிறது. நோய்தணிப்பு மருத்துவம் செய்வோர் இதனை வழக்கமாகக் கையாளுகின்றனர். மருத்துவரைக் கேட்டு இதனைப் பெறலாம். நோய் தீராவிடினும், மகள் வந்து கட்டிலில் அமர்ந்து தாயின் கையைப் பற்றிக்கொள்ள அது வழி செய்யும்.

வாடையும் மனிதரும்

இறுதியாக ஒன்று. வாடையைக்கொண்டு உணவை எடைபோடுவதில் உள்ள பிழையைவிட, வாடையைக்கொண்டு மனிதரை எடைபோடுவதில் உள்ள பிழை பெரிது.

புதிதாய்ச் சுரந்த வியர்வைக்கு மணம் இல்லை. அக்குளில் சுரக்கும் ஒருவகை வியர்வையைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதே வாடை எழுகிறது. அப்பாக்டீரியாக்கள் இல்லாத மனிதர் எவருமிலர். பிறவிக் கூற்றின்படி ஒருவர்க்கு மிகுதியாகவும் ஒருவர்க்குக் குறைவாகவும் இருக்கும். கீழை ஆசிய மக்களுள் பலர்க்கு ஒரு மரபணு வேறுபாட்டினால் இவ்வாடை மிகக் குறைவு. அது அவர்கள் தூய்மையின் பரிசுமன்று. மற்றவர் பெற்றது தண்டனையுமன்று.

அரிதாகச் சிலர்க்கு, எத்தனை முறை குளித்தாலும் உடலில் மீன் வாடை வீசும். முன்னே கண்ட டிரைமெத்தில் அமீனே இதற்கும் காரணம். முட்டை, மீன் முதலியவற்றை உண்ணும்போது குடற் பாக்டீரியாக்கள் அப்பொருளை ஆக்குகின்றன. நம் கல்லீரல் அதனை மணமற்றதாக மாற்றிவிடும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைபட்டவர்க்கு, அது வியர்வையிலும் மூச்சிலும் வெளிப்படுகிறது. பள்ளியில் அருகமர மறுக்கப்படும் பிள்ளை, வேலையிடத்தில் கேலிக்குள்ளாகும் பெண் ஆகியோருள் இத்தகையோரும் இருக்கக்கூடும். உணவுக் கட்டுப்பாட்டினால் இதனைப் பெரிதும் தணிக்கலாம். முதலில் வேண்டுவது, 'குளிப்பதில்லை' என்ற பழிச்சொல்லை நாம் நிறுத்துவதே.

நாற்றத்தினால் மனிதர் ஒதுக்கப்பட்ட வரலாற்றில் தொழுநோயாளர் பட்ட துன்பம் மிகப் பெரிது. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டு மே மாதத்தில், பெல்ஜிய நாட்டு அருள்தந்தை தமியான், ஹவாயின் மொலக்காய் தீவில் தொழுநோயாளர் தள்ளிவைக்கப்பட்டிருந்த குடியிருப்பிற்குச் சென்று சேர்ந்தார். தொழுநோய் நரம்புகளை மரக்கச் செய்வதால் காயம் பட்டாலும் வலி தெரிவதில்லை. கவனிப்பாரற்ற காயத்தில் வேறு பாக்டீரியாக்கள் புகுந்து அழுகச் செய்கின்றன. ஆகவே அந்நாற்றம் தொழுநோய்க் கிருமியின் நாற்றமன்று. அது பெரும்பாலும் கைவிடப்பட்ட புண்ணின் நாற்றம்.

அந்நாற்றத்தைத் தாம் உணரவேயில்லை என்று தந்தை தமியான் எங்கும் பெருமை பேசவில்லை. நோயாளரின் குடிசைகளில் மூக்கைப் பொத்திக்கொள்ள நேர்ந்ததையும், தூய காற்றுக்காக வெளியே வந்து நின்றதையும் அவரே எழுதியுள்ளார். அவ்வாடையை மறைப்பதற்காகப் புகைக்குழாய் பிடிக்கப் பழகிக்கொண்டார். அதன்பின் மீண்டும் உள்ளே சென்றார். புண்களைக் கழுவிக் கட்டினார். கழுவிக்கொள்ளத் தண்ணீரின்றி மக்கள் தவிப்பதைக் கண்டு, மலையடிவார ஊற்றிலிருந்து குடியிருப்பிற்குக் குழாய் வழியே நீர் கொண்டுவரும் பணியில் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். 1889-இல் அவரும் அந்நோயினாலேயே இறந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவருடைய மூக்கும் நம்முடையதைப் போன்றதே. அருவருப்பு அவர்க்கும் தோன்றியது. ஆனால் நாற்றம் வீசும் இடத்தில் அவர் முதலில் கேட்ட கேள்வி, "இவர்களுக்குத் தண்ணீர் உண்டா?" என்பதாகவே இருந்திருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவர், ஆறாப் புண்ணோடு இருக்கும் உறவினர், தொட்டிக்குள் இறங்கத் துணியும் ஏழைத் தொழிலாளி ஆகியோர் எதிரே நாம் நிற்கும்போது, மூக்கு முதலில் பேசட்டும். அது தன் கடமையைச் செய்கிறது. முடிவை மட்டும் அதனிடம் விடாதிருப்போம்.